ஆமை வந்து 4 நாளாச்சு, ஒண்ணுமே துன்ன மாட்டுது

சத்துவாச்சாரி தம்பி:
ஃப்ரெண்டு துபாய் போறதால அவன் வளத்த சல்காட்டா ஆமைய எங்கிட்ட குடுத்துட்டான், ஓட்டுக்குள்ளயே தலைய இழுத்துக்கினு கெடக்குது, சோறு வச்சேன் தக்காளி வச்சேன் தொடவே இல்ல. மொட்டமாடி வெயில்ல விட்டா சரியாயிடும்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க, இன்னா பண்றது?

காட்பாடி அண்ணன்:
மொட்டமாடி வேணவே வேணாம் தம்பி! நம்மூரு மே மாச வெயில்ல தளம் சுட்டு செத்தே போயிடும். காலைல 7 மணிக்கு மண் தரைல விடுங்க, பாதி எடம் நிழலா இருக்கணும், வெயில் நேரா மேல பட்டாதான் வைட்டமின் டி3 உண்டாகி ஓடு கெட்டியாவும், கண்ணாடி ஜன்னல் வழியா வர்ற வெயில் பத்தாது. சோறு, தக்காளி நிறுத்திடுங்க, அது சஹாரா பக்கத்து ஆமை, புல்லுதான் சாப்பாடு. அருகம்புல்லு, செம்பருத்தி எலை போடுங்க, மருந்தடிச்சதா இருக்கக் கூடாது. புது எடம்னா கொஞ்ச நாள் பயந்துதான் இருக்கும், சும்மா சும்மா தூக்காதீங்க பாவம்.

குடியாத்தம் அக்கா:
வெதுவெதுப்பான தண்ணி தாடைக்குக் கீழ நிக்கற அளவு ஊத்தி 20 நிமிஷம் உக்கார வைங்க, தண்ணி குடிக்கும். மூக்கு ஒழுகினாலோ வாயத் தெறந்து மூச்சு வுட்டாலோ உடனே வெட்டர்னரி டாக்டர்கிட்ட போயிடுங்க.

காட்பாடி அண்ணன்:
இன்னொண்ணு, வெளிநாட்டு விலங்கு வளக்கறவங்க பதிவு பண்ற மத்திய அரசு வெப்சைட்டு பரிவேஷ் போர்ட்டல், அதுல ஆமையோட பதிவ உங்க பேருக்கு மாத்திடுங்க. ஓட்டுல மஞ்ச நட்சத்திரக் கோடு இருந்தா அது சல்காட்டா இல்ல, நம்மூரு நட்சத்திர ஆமை, 1972 வனவிலங்கு சட்டப்படி வீட்ல வச்சிக்கவே கூடாது, வனத்துறைகிட்ட ஒப்படைச்சிடுங்க.