புதுப்பிப்பு: ஹோத்தூர்லி கணவாய், திட்டம் கொஞ்சம் மாறிவிட்டது

சுவிட்சர்லாந்தில் கிரீசால்ப்பிலிருந்து ஹோத்தூர்லி கணவாய் ஏறி, காண்டர்ஸ்டெக்கில் ஒரே நாளில் இறங்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போகிறோம்!

கிரீசால்ப் 1,408 மீட்டர், கணவாய் 2,778. ராமேஸ்வரத்தில் நமக்கு இருப்பதோ கந்தமாதன பர்வதம், பெயரில்தான் பர்வதம். அதனால் தனுஷ்கோடி மணலில் தண்ணீர் பாட்டில்களை முதுகில் சுமந்து நடக்கிறேன். காய்ந்த மணலில் கணுக்கால்வரை புதைகிறது, கெண்டைக்கால் கதறுகிறது. இறக்கத்துக்கு முட்டியைப் பழக்க வீட்டு மாடிப்படிதான்.

கணவாய்க்குப் பக்கத்திலேயே புளூம்லிசால்ப் குடில் இருக்கிறது. மேகம் திரண்டால் அங்கே தங்கல். முட்டி மக்கர் பண்ணினால் ஓஷினென் ஏரிப் பக்கமிருந்து கேபிள் கார். ஜூனில் பனி கிடக்கும் என்றீர்கள், சரி, ஆகஸ்ட் கடைசிக்குத் தள்ளியாச்சு. மச்சான் மட்டும் இன்னும் ஷூ வாங்கவில்லை, செருப்பே போதுமாம்.