ஜாமர் வந்தபிறகு ஜிபிஎஸ் பீரங்கிக் குண்டால் பயன் உண்டா?

மலைக்கோட்டை:
ஜிபிஎஸ் பார்த்து இலக்கைத் தேடிப் போகும் அமெரிக்காவின் எக்ஸ்காலிபர் 155 மிமீ பீரங்கிக் குண்டு ஒன்றின் விலை ஒரு லட்சம் டாலரை ஒட்டி வருகிறது. உக்ரைனுக்குப் போன புதிதில் எல்லோரும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினோம். ஆனால் ரஷ்யாவின் ஜாமிங்கால், அதாவது ஜிபிஎஸ் சிக்னலை ரேடியோ இரைச்சலால் அமுக்குவதால், அது குறியில் விழும் விகிதம் 10 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டதாக உக்ரைனின் உள் மதிப்பீட்டிலேயே இருப்பதாக 2024 மே மாதம் வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. அந்தப் பணத்தில் சாதாரணக் குண்டு ஏறத்தாழ முப்பது வாங்கலாம், அதுதான் உருப்படியான செலவு.

குறிஞ்சி79:
முப்பது வாங்கலாம், சரி, ஆனால் அவை எங்கே போய் விழும்? 25 கி.மீ. தூரத்துக்குச் சுட்டால் காற்று, வெடிமருந்தின் சூடு, குழலின் தேய்மானம் எல்லாம் சேர்ந்து நூறு இருநூறு மீட்டர் தள்ளி விழுவது சகஜம். ஜாமிங் இல்லாத இடத்தில் எக்ஸ்காலிபர் நாலைந்து மீட்டருக்குள் இறங்கும். 2007-இல் ஈராக்கில் அதை முதலில் பயன்படுத்தியதே, ஊருக்கு நடுவே பக்கத்து வீடு தப்ப வேண்டும் என்பதற்காகத்தான். அந்தப் பக்கத்து வீட்டில் இருப்பவர்களை உங்கள் கணக்கில் எங்கே சேர்த்தீர்கள்? அப்புறம், முப்பது குண்டு சுட்டு முடிக்கும்வரை ஒரே இடத்தில் நின்றால் எதிரியின் ரேடார் நம் பீரங்கியைக் கண்டுபிடித்துவிடும்.

சால்டரிங்_முத்து:
இருவருமே ஜிபிஎஸ்ஸை மட்டும் வைத்துப் பேசுகிறீர்கள். நான் எலக்ட்ரானிக்ஸ் வேலை பார்த்தவன், குழலுக்குள் புவியீர்ப்பைப் போல 15,000 மடங்கு உதை வாங்கியும் ஒரு சர்க்யூட் பிழைக்கிறது என்பதே எனக்குப் பெரிய விஷயம். செயற்கைக்கோள் 20,000 கி.மீ. உயரத்தில் இருக்கிறது, அதன் சிக்னல் இங்கே வரும்போது அவ்வளவு மெலிந்திருக்கும், அதனால் தரையிலிருக்கும் ஜாமர் சுலபமாக அமுக்கிவிடுகிறது. ஆனால் இலக்கின்மேல் அடிக்கும் லேசர் ஒளியைப் பார்த்து இறங்கும் குண்டும் உண்டு, லேசரை ரேடியோவால் அமுக்க முடியாது. அப்படிப்பட்ட அமெரிக்காவின் காப்பர்ஹெட் குண்டு 1970-களிலேயே உருவானது, ரஷ்யர்கள் இன்றும் ஓர்லான்-30 ட்ரோனிலிருந்து லேசர் அடித்துக் கிராஸ்னோபோல் குண்டை இறக்குகிறார்கள்.

மலைக்கோட்டை:
மேகம் தாழ்ந்தால், புகை போட்டால் லேசர் போச்சு. குண்டு வந்து சேரும்வரை அந்த ட்ரோனும் சுடப்படாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு வழிக்கும் ஒரு மாற்று வந்துவிடுகிறது நண்பரே, கையிருப்பில் குண்டு இல்லாமல் போவதற்குத்தான் மாற்றே கிடையாது. உக்ரைன் வருடக்கணக்கில் கேட்டு நின்றது சாதாரணக் குண்டுக்குத்தான்.

குறிஞ்சி79:
கையிருப்பு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. சென்னை ஐஐடி, மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தோடு சேர்ந்து 155 மிமீ ஸ்மார்ட் குண்டு செய்வதாக 2024-இல் அறிவித்தது, பத்து மீட்டருக்குள் விழ வைப்பது இலக்கு, வழிகாட்ட ஜிபிஎஸ் போன்ற நம் நாட்டின் நாவிக். இதையும் வீண் என்பீர்களா?

மலைக்கோட்டை:
வீண் என்று சொல்ல மாட்டேன், நம் பிள்ளைகள் செய்வது. ஆனால் நாவிக்கும் செயற்கைக்கோள்தானே?

சால்டரிங்_முத்து:
ஆமாம், ஜாமிங் அதற்கும் உண்டு. நாவிக்கில் எல்5, எஸ் என ஒன்றுக்கு மேற்பட்ட அலைவரிசை இருப்பதால் அவற்றைச் சேர்த்துக் கேட்கும் ரிசீவர் வைத்தால் ஜாமருக்கு வேலை கூடும், அவ்வளவுதான். அந்தக் குண்டில் லேசர் கண் ஒன்றையும் சேர்த்து வைக்கட்டும், எக்ஸ்காலிபரிலேயே அப்படி ஒரு வகை வந்துவிட்டது.