'கைபேசித்துணை இதயத் தேற்றுமுறை': ஒரு முன்மொழிவு

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

மாரடைப்பு வந்தவர்களும் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களும் வீட்டிலிருந்தபடியே கைபேசியின் உதவியோடு பயிற்சி செய்யும் திட்டத்துக்கு (ஆங்கிலத்தில் cardiac rehabilitation), 'கைபேசிவழி இதய மறுவாழ்வு உடற்பயிற்சி' என்ற தொடர் இங்கே முன்வைக்கப்பட்டது. இதில் 'மறுவாழ்வு', 'வழி' ஆகிய இரண்டையும் மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குடியை விடச் சேர்க்கும் இல்லம் மறுவாழ்வு மையம். இலங்கைத் தமிழர் அகதி முகாம்களுக்கு 2021-இல் தமிழக அரசு சூட்டிய பெயர் மறுவாழ்வு முகாம். மதுரையில் சிகிச்சை முடிந்து காரைக்குடிக்கோ தேவகோட்டைக்கோ திரும்பும் ஒருவரிடம் 'மறுவாழ்வு மையத்துக்குச் செல்லவும்' என்று எழுதிக் கொடுத்தால், இவருக்கு எதற்கு அது என்று வீட்டார் திகைப்பார்கள். ஈழ வழக்கிலுள்ள 'புனர்வாழ்வு' என்ற சொல்லுக்கோ போருக்குப் பின் இன்னும் கனத்த பொருள் ஏறிவிட்டது.

நோயிலிருந்து எழுந்தவரைப் பார்க்கப் போனால் நம் பக்கத்தில் "உடம்பு தேறிட்டதா?" என்றுதான் கேட்கிறோம். தேறுவது நோயாளி, தேற்றுவது மருத்துவம். எனவே 'இதயத் தேற்றுமுறை' என்கிறேன். தேற்றுதலுக்கு ஆறுதல் சொல்லுதல் என்ற பொருளும் இருக்கிறதே என்று சிலர் தயங்கலாம். மாரடைப்புக்குப் பின் மாடிப்படி ஏறவே அஞ்சுகிறவர்களின் மனத்தைத் திடப்படுத்துவதும் இந்தச் சிகிச்சையின் ஒரு பகுதி என்பதால், அந்தப் பொருள் சொல்லுக்கு வலிமையே சேர்க்கிறது. கணக்கிலுள்ள 'தேற்றம்' வேறு வடிவம், குழப்பம் வராது.

அடுத்து, 'வழி'. கைபேசி இங்கே செய்யும் வேலையை அருகிலிருந்து பார்த்ததால் இதை அழுத்திச் சொல்கிறேன். கானாடுகாத்தானில் எங்கள் உறவினர் ஒருவர், பிள்ளைகள் வெளியூரில் இருக்க, ஆச்சியும் தானுமாக அந்தப் பெரிய வீட்டில் இருக்கிறார். காலையில் வளவை, அதாவது வீட்டின் உள்முற்றத்தை, சுற்றித்தான் நடப்பார். வீட்டில் வேட்டியும் துண்டும்தான் உடை என்பதால் கைபேசியைப் போட்டுக்கொள்ளப் பை கிடையாது. அதைப் பட்டாலை என்னும் கூடத்தில் வைத்துவிட்டு நடந்தார். கைபேசி உடம்போடு அசைந்தால்தான் அதனுள் இருக்கும் அசைவுணரி அடிகளை எண்ணும். ஆகவே அன்றைய கணக்கு சுழி என்று காட்டியது. அதைப் பார்த்து மருத்துவமனைச் செவிலியர் கூப்பிட்டுக் காரணம் கேட்டார். அதன்பிறகு வேட்டி மடியில் செருகிக்கொண்டு நடக்கிறார். இன்னொரு நாள் அவர் நடந்துகொண்டிருக்கும்போதே செவிலியர் அழைத்து, "ஐயா, இப்பப் பேச முடியுதா?" என்று கேட்டபோது, "பேச்சு வருது, பாட்டு வராது" என்றார் உறவினர். "அதுதான் சரியான வேகம், கூட்ட வேண்டாம்" என்றார் செவிலியர்.

மிதமான உழைப்புக்கு அதுவே நல்ல அடையாளம். 220-இலிருந்து வயதைக் கழித்து நாடித்துடிப்பின் உச்சத்தைக் கணிக்கும் பழக்கம் இவர்களில் பலருக்குப் பொருந்தாது. இவர்கள் உட்கொள்ளும் பீட்டா தடுப்பு (beta blocker) மாத்திரைகள் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கின்றன. ஆகவே திரையில் தெரியும் எண்ணை மட்டும் நம்பி நடையை முடுக்குவது ஆபத்து. மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு இறுக்குகிறதா, தலை சுற்றுகிறதா என்று கேட்க ஒரு மனிதர் வேண்டும். 2014-இல் ஆஸ்திரேலியாவில் 120 பேரை வைத்து நடந்த ஆய்வில், கைபேசித் திட்டத்தில் இருந்தவர்களில் 80 விழுக்காட்டினர் திட்டத்தை முடித்தார்கள். மையத்துக்கு நேரில் போகவேண்டியிருந்தவர்களில் 47 விழுக்காட்டினரே முடித்தார்கள். அத்திட்டத்தில் அடி எண்ணும் கருவியோடு, வாரந்தோறும் தொலைபேசியில் பேசும் ஆலோசகரும் இருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

'வழி' என்றால் கைபேசி வெறும் தடமாகிவிடுகிறது. 'செயலி' என்று சேர்த்தால் மென்பொருளே மருத்துவர் ஆகிவிடுகிறது. 'துணை' அப்படியன்று. முருகன் துணை என்று கடிதம் தொடங்கிய ஊர்க்காரர்களுக்கும், குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடப்பவர்களுக்கும், துணை என்பது கூட வருவது. நடக்க வேண்டியவர் தாமே நடக்க வேண்டும்.

'உடற்பயிற்சி'யைத் தலைச்சொல்லில் விட்டுவிடலாம். உணவு, மாத்திரை ஒழுங்கு, புகையை விடுதல் ஆகியவையும் இந்தச் சிகிச்சையில் அடங்கும். நடையையும் பிற பயிற்சிகளையும் மட்டும் குறிக்கும் இடங்களில் 'தேற்றுமுறைப் பயிற்சி' என்று எழுதலாம்.

'மறுவாழ்வு' என்று தேடுவோர் இன்னும் சில காலம் இருப்பார்கள் என்பதால், சொற்பட்டியலில் அதை அடியோடு நீக்காமல், 'காண்க: தேற்றுமுறை' என்ற குறிப்போடு வைத்திருக்கலாம் என்பது என் எண்ணம். குழுவிலுள்ள மருத்துவர்களும் இயன்முறை மருத்துவர்களும் இதை நோயாளிகளிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்து, அவர்களுக்கு உடனே விளங்குகிறதா என்று எழுதினால், அதைக் கேட்டபின் பட்டியலில் ஏற்றலாம்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து ஓர் உறுப்பினர்