மாருதி 800 ஹெட் கேஸ்கெட் போயிருக்கு, வீட்டிலேயே மாற்றலாமா?

வைகைக்கரை_800

வண்டி 2006 மாருதி 800, எம்பிஎஃப்ஐ (பெட்ரோல் இன்ஜெக்ஷன்), ஏசி மாடல். ஹெட் கேஸ்கெட், அதாவது என்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு, போயிருக்குன்னு நினைக்கிறேன். போன மாசம் ஒரு தடவை டெம்பரேச்சர் முள் சிவப்பு வரைக்கும் போச்சு. அதிலிருந்து தினமும் கூலன்ட் குறையுது, வெளியே ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது. காலையில் ஸ்டார்ட் பண்ணி ரெண்டே நிமிஷத்தில் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகிடுது. மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணினால் நிற்காமல் குமிழி வருது. முதல் அரை நிமிஷம் மிஸ்ஸிங்கும் வெள்ளைப் புகையும் இருக்கு.

கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்த்தேன். மூணு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதித்து, செல்ஃப் அடித்தது. ஒண்ணாவது சிலிண்டர் 165 பிஎஸ்ஐ, ரெண்டாவது 90, மூணாவது 95. குறைஞ்ச ரெண்டு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுப் பார்த்தும் பெரிசா ஏறலை. டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமா இருக்கு, ஆயில் மூடிக்கு உள்பக்கம் மட்டும் லேசா வெள்ளைப் பசை.

டார்க் ரெஞ்ச், ஃபீலர் கேஜ், பாக்ஸ் ஸ்பேனர் செட் இருக்கு. என்ஜினை இறக்காமல் முடியுமா? ஹெட்டைக் கட்டாயம் லேத்துக்கு அனுப்பணுமா? முன்னாடி பார்த்த மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை (என்ஜின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) எடுத்துட்டார், அது அப்படியே இருக்கலாமா? லீக் பவுடர் போட்டால் போதும்னும் ஒருத்தர் சொல்றார்.

பட்டறைமுருகு

முடியும் நண்பரே. என்ஜினை இறக்க வேண்டாம், ஹெட் மேலேயே கழன்று வரும். நிதானமாகச் செய்தால் ரெண்டு நாள் வேலை, லேத் எடுக்கும் நாள் தனி.

நீங்கள் எடுத்த கம்ப்ரஷன் கணக்கே பாதி பதில். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் ரெண்டும் சேர்ந்து இறங்கி, ஆயில் விட்டும் ஏறவில்லை என்றால் பிஸ்டன் ரிங் காரணமில்லை. கேஸ்கெட்டில் ரெண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே உள்ள குறுகலான பாலம் எரிந்திருக்கிறது. அங்கிருந்து கூலன்ட் ஓடும் வழிக்கும் வாயு பாதை போட்டிருப்பதால்தான் குமிழி. ஆயில் மூடியின் வெள்ளைப் பசையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். குறைந்த தூரம் ஓடும் வண்டியில் வெறும் ஈரப்பதத்தாலும் அது வரும்.

லீக் பவுடர் வேண்டவே வேண்டாம். எரியும் வாயுவின் அழுத்தத்தை அதனால் தடுக்க முடியாது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் ஹீட்டர் கோரையும் அடைத்துவிட்டுத்தான் ஓயும்.

முதல் நாள் இரவே சைலன்சர் மேனிஃபோல்ட் நட்டுகளுக்குத் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊற விடுங்கள். ஸ்டட் முறிந்தால் கேஸ்கெட் வேலையைவிட அதை எடுக்கிற வேலை பெரிதாகிவிடும். மறுநாள், எம்பிஎஃப்ஐ என்பதால் முதலில் ஃப்யூயல் பம்ப் ரிலேயை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்து, தானாக அணையும் வரை ஓட விடுங்கள், லைனில் அழுத்தம் இறங்கிவிடும். என்ஜின் முழுக்க ஆறிய பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கூலன்ட்டை வடியுங்கள். கனெக்டர், வேக்குவம் ஹோஸ் ஒவ்வொன்றிலும் நம்பர் ஒட்டி, கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கிராங்கோடு சேர்த்து, வால்வைத் திறக்கும் கேமைச் சுற்றுகிற டைமிங் பெல்ட்டைக் கழற்றும் முன் கிராங்கைச் சுற்றி ஒண்ணாவது சிலிண்டரை மேலே கொண்டுவந்து, கேம் புல்லி, கிராங்க் புல்லி மார்க் ரெண்டும் நேராக நிற்பதைப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் பாடிக்கும் ஹெட்டுக்கும் சேர்த்து ஒரு கோடு கீறிவிடுங்கள். பெல்ட் இல்லாத நேரத்தில் கிராங்கையோ கேமையோ தனியாகச் சுற்றக் கூடாது.

ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒரு தடவைக்கு அரைச் சுற்றாக இளக்குங்கள். ஒரே மூச்சில் ஒன்றைக் கழற்றினால் அலுமினிய ஹெட் அந்த இடத்தில் வளையும். ஹெட் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் ரப்பர் சுத்தியால் பக்கவாட்டில் தட்டுங்கள், ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்பாதீர்கள். எடுத்த ஹெட்டை முகம் கீழே படும்படி வைக்கக் கூடாது. திறந்த நிலையில் இருக்கும் வால்வு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அது வளைந்துவிடும். ரெண்டு மரக்கட்டை மேல் வையுங்கள்.

தெர்மோ_தஞ்சை

ஹெட்டை எடுத்ததும் துடைத்துவிடாதீர்கள் சார், முதலில் நிதானமாகப் பாருங்கள். தண்ணீர் இறங்கிய சிலிண்டரில் பிஸ்டன் தலை நீராவியில் கழுவினது போல் கரியில்லாமல் பளிச்சென்று இருக்கும். பழைய கேஸ்கெட்டில் வாயு போன பாதை கருப்புக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டுக்கு நேரே ஹெட்டிலும் பிளாக்கிலும் பள்ளமோ கீறலோ இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள்.

தெர்மோஸ்டாட் விஷயம்: நம்ம ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை என்பது தவறான பழக்கம். அது இல்லாவிட்டால் என்ஜின் சூடேற வெகுநேரம் ஆகும். குளிர்ந்த என்ஜின் என்று நினைத்து ஈசியூ (என்ஜினின் கணினி) பெட்ரோலைக் கூட்டி விடும், மைலேஜும் போகும், ஆயிலில் பெட்ரோலும் கலக்கும். வெயில் காலத்தில் என்ஜினைக் காப்பது ஃபேனும் ரேடியேட்டரும் மூடியும்தான். புது தெர்மோஸ்டாட் வாங்கி, போடும் முன் பாத்திரத்தில் தண்ணீரோடு சூடாக்கி, அதில் பொறித்திருக்கும் டிகிரியில் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

கேஸ்கெட் தானாகப் போவது அபூர்வம், சூடுதான் அதைக் கொன்றிருக்கிறது. அந்தச் சூட்டுக்குக் காரணத்தைப் பிடிக்காமல் மூடினால் புதுக் கேஸ்கெட்டும் போகும். ஃபேன் சுவிட்ச் வேலை செய்கிறதா, வாட்டர் பம்ப் ஷாஃப்ட் ஆடுகிறதா, ரேடியேட்டரில் ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்து கிடக்கிறதா என்று பாருங்கள். ரேடியேட்டர் மூடியையும் மாற்றிவிடுங்கள். 0.9 பார் அழுத்தத்தை அது பிடித்து வைத்தால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. ஸ்ப்ரிங் தளர்ந்த மூடி என்றால் 100லேயே கொதிக்கும்.

வைகைக்கரை_800

ஹெட் இறங்கியாச்சு. சொன்ன மாதிரியே ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவில் கருப்புக் கோடு, மூணாவது பிஸ்டன் பளபளன்னு இருக்கு. ஃபேனும் சுத்தலை, ரேடியேட்டர் ஃபேன் சுவிட்ச் செத்துப் போயிருக்கு. ஸ்டீல் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்துப் பார்த்தால் ஹெட்டில் நீளவாட்டில் 0.08 மிமீ ஃபீலர் நுழையுது. பிளாக்கில் 0.03 கூட நுழையலை. கேஸ்கெட்டுக்கு அனபாண்ட் (ஒட்டும் பசை) தடவலாமா? பழைய போல்ட்டையே போடலாமா?

பட்டறைமுருகு

மாருதியின் வரம்பு 0.05 மிமீ. 0.08 என்றால் லேத்தில் ஃபேஸிங், அதாவது அடி முகத்தைச் சீவி நேராக்குவது, கட்டாயம். பிளாக் நன்றாக இருக்கிறது, அதைத் தொட வேண்டாம். லேத்தில் மூன்று விஷயம் கேளுங்கள்: முதலில் பிரஷர் டெஸ்ட் போட்டு விரிசல் பார்க்கணும், ஃபேஸிங்கில் தேவைக்கு மேல் ஒரு நூல்கூட எடுக்கக் கூடாது, முடிந்ததும் கேம் ஷாஃப்ட் கையால் லேசாகச் சுற்றுகிறதா என்று பார்க்கணும். ஹெட் வளைந்தால் கேம் உட்காரும் துளைகளின் வரிசையும் வளைந்திருக்கும். அடி முகத்தை மட்டும் நேராக்கினால் அந்த வளைவு போகாது. கேம் இறுகினால் அந்த ஹெட்டைப் போடாதீர்கள். ஹெட் வெளியே இருக்கும்போதே வால்வு லேப்பிங் (வால்வு இருக்கையில் இறுக்கமாக உட்காரும்படி தேய்ப்பது) செய்து, வால்வு சீலையும் மாற்றிவிடுங்கள்.

பிளாக் முகத்தைப் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் சுரண்டுங்கள். எமரி வேண்டாம், அதன் பொடி பேரிங்கில் போய் உட்காரும். பனியன் வேஸ்ட்டும் நூல் விடும். போல்ட் துளைகளில் தேங்கிய கூலன்ட்டை ஏர் அடித்து வெளியேற்றியே ஆக வேண்டும். துளையில் தண்ணீர் இருக்கும்போது போல்ட்டை இறுக்கினால் அது நசுங்க இடமில்லாமல் பிளாக்கையே பிளந்துவிடும். அது இல்லாவிட்டாலும் டார்க் ரெஞ்ச் பொய் எண் காட்டும்.

அனபாண்ட் ஹெட் கேஸ்கெட்டுக்கு வேண்டாம், உலர்வாகப் போடுங்கள். 'டாப்' என்று பொறித்த பக்கம் மேலே. ஆயில் ஏறும் துளை பிளாக்கில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு, ஹெட்டைச் சரியான இடத்தில் நிறுத்தும் டவல் பின் ரெண்டும் இடத்தில் இருப்பதையும் உறுதி செய்து ஹெட்டை இறக்குங்கள்.

தெர்மோ_தஞ்சை

போல்ட் கேள்விக்கு: பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து நீளம் பாருங்கள். நீண்டிருந்தாலோ, மரை நடுவில் இடுப்பு போல் மெலிந்திருந்தாலோ தூக்கி எறியுங்கள். புதுச் செட் வாங்குவதுதான் நிம்மதி.

மரையிலும் போல்ட் தலைக்கு அடியிலும் ஒரு சொட்டு என்ஜின் ஆயில் தடவுங்கள். நாம் கொடுக்கும் டார்க்கில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போகிறது, மிச்சம்தான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது. காய்ந்த மரையில் அந்த மிச்சமும் குறையும், எண் மட்டும் சரியாகக் காட்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று சுற்றாக இறுக்குங்கள். உங்கள் மாடலின் மேனுவலில் உள்ள கடைசி எண்ணை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்: 60 நியூட்டன் மீட்டர் என்றால் 20, 40, 60. வெடுக்கென்று இழுக்காமல் ஒரே சீராக இழுக்கணும். 500 கிலோமீட்டர் கழித்து மறுபடி இறுக்குவதா என்பதற்கு கேஸ்கெட் பாக்கெட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் விதி.

பெல்ட்டும் டென்ஷனரும் புதிது போடுங்கள். போட்டதும் கிராங்கைக் கையால் ரெண்டு முழுச் சுற்று சுற்றி, மார்க்குகள் திரும்ப நேராக வருகிறதா என்று பாருங்கள். நடுவில் எங்காவது தட்டினால் பலவந்தம் செய்யாமல் நிறுத்திவிடுங்கள். அப்புறம் டாப்பெட் கிளியரன்ஸ் (வால்வு இடைவெளி) வைத்து, புது ஆயிலும் ஃபில்ட்டரும் போடுங்கள். ஹெட்டைத் தூக்கும்போது கூலன்ட் கீழே சம்ப்பில் (ஆயில் தொட்டியில்) இறங்கியிருக்கும், அது பேரிங்கைத் தின்னும். அதனால் இந்த ஆயிலையும் 300 கிலோமீட்டரில் மாற்றிவிடுங்கள்.

போர் தண்ணீர் வேண்டாம், உப்பு படியும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் மூடி திறந்தபடி ஐடிலிங்கில் விடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும், கீழ் ஹோஸும் சூடாகும். நிரப்பிக்கொண்டே இருந்து, குமிழி நின்றதும் மூடுங்கள். ஃபேன் ரெண்டு தடவை தானாகச் சுற்றி நிற்கும் வரை முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். மறுநாள் காலை ஆறிய என்ஜினில் மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள், ஒரு கப் அளவுக்கு இறங்கியிருந்தால் அது உள்ளே மாட்டியிருந்த காற்று. அடுத்த நாளும் அதே அளவு இறங்கினால் கம்ப்ரஷன் கேஜை மறுபடி எடுங்கள்.