பியர் ஆலைச் சக்கையில் மீன் தீவனம்: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். திலேப்பியா மீன் வளர்க்கிறேன். செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போய்விடுகிறது. பியர் ஆலையில் மிஞ்சும் பார்லிச் சக்கை தொடர்ந்து கிடைப்பதால், அதைத் தீவனத்தில் சேர்க்கப் பார்க்கிறேன்.

முதல் தலைவலி ஈரம். சக்கையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் சொட்டுகிறது. மறுநாள் புளிப்பு வாடை, அப்புறம் பூஞ்சை. பூஞ்சை பிடித்ததை மனசு கேட்காமல் கொட்டிவிடுகிறேன். பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு மீனின் கல்லீரலைக் கெடுக்கும், சூடாக்கினாலும் லேசில் போகாது.

காய்ந்த சக்கையில் புரதம் சுமார் 20 சதவீதம் உண்டு. ஆனால் நார் அதிகம், லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. அதனால் சோயாப் பிண்ணாக்கும் மீன்தூளும் கலந்து உருண்டை பிடித்தேன். தண்ணீரில் போட்ட இரண்டே நிமிடத்தில் உதிர்ந்துவிட்டது. மீன் தின்றதைவிடக் குளத்தடியில் படிந்ததுதான் அதிகம். அது அழுகி அம்மோனியா ஏறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். மழை நாட்களில் சக்கையை எப்படிக் காயவைக்கிறீர்கள்? காற்றுப் புகாமல் அமுக்கிப் புளிக்கவைத்தால் தாங்குமா? உருண்டை உதிராமல் இருக்க வேகவைத்த மாவுக் கஞ்சி போதுமா? வளர்ந்த மீனுக்கு எத்தனை சதவீதம் வரை சேர்க்கலாம்?

சக்கையைக் கருப்புப் படைவீரர் ஈயின் (black soldier fly) புழுவுக்குப் போட்டு, அந்தப் புழுவை மீனுக்குக் கொடுக்கலாம் என்றும் யோசிக்கிறேன். வெறும் சக்கையில் புழு நன்றாக வளருமா, வேறு ஏதாவது கலக்க வேண்டுமா?