பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டலாமா? குளியலறைச் சுவரில் ஓதம், உதவி தேவை

கேட்பவர் (திருநகர், மதுரை):

வணக்கம். எங்களுடையது 1990களில் கட்டிய வீடு. கீழ்த்தளக் குளியலறை ஐந்தடிக்கு ஏழடி. குளித்து முடித்து ஒரு மணி நேரம் ஆனாலும் ஷவர் மூலையில் தண்ணீர் தேங்கி நிற்கிறது, துடைப்பத்தால் தள்ளினால்தான் போகும். அந்தச் சுவருக்கு மறுபக்கம் படுக்கையறை. அங்கே தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு பெயிண்ட் பொரிந்து உப்பு பூத்திருக்கிறது. இரண்டு முறை சுரண்டிப் பட்டி பார்த்து அடித்தாயிற்று, ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. அம்மாவின் பீரோ அடியில் துருப்பிடித்துவிட்டது.

வேலைக்கு வந்து பார்த்தவர், "இடிக்கவே வேணாம் சார், பழசு மேலேயே ஒட்டிரலாம், மூணே நாளு" என்கிறார். செலவும் பாதிதான். நம்பலாமா?

ஒத்தக்கடை, கட்டட மேற்பார்வை:

தம்பி, டைல்ஸைப் பற்றி அப்புறம் பேசலாம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். சுவருக்குள் போகும் குழாயா, தரையா, தண்ணீர் வடியும் வாயான தரை ட்ராப்பைச் சுற்றியா? இது தெரியாமல் எதை ஒட்டினாலும் காசுக்குக் கேடு.

ராத்திரி எல்லா குழாயையும் மூடிவிட்டு, மேல் தொட்டியில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு கோடு போடுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் குழாயில் கசிவு. இறங்கவில்லை என்றால் அடுத்த சோதனை: தரை ட்ராப்பைத் துணிப்பந்தால் இறுக்கி அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் குறியிடுங்கள். பக்கத்திலேயே ஒரு வாளியில் தண்ணீர் வைத்து அதிலும் குறி. ஆவியாவது இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். தரையில் மட்டும் கூடுதலாக இறங்கினால் தரை குடிக்கிறது என்று அர்த்தம்.

கே.புதூர், ஒரு வீட்டுக்காரி:

மேலேயே ஒட்டிய கதை எங்கள் வீட்டில் நடந்தது, சொல்கிறேன். பழைய டைல்ஸ், பசை, புது டைல்ஸ் எல்லாம் சேர்ந்து தரை முக்கால் அங்குலம் உயர்ந்தது. குளியலறை, கூடத்தைவிடத் தாழ்வாக இருந்த அந்தச் சின்ன இறக்கம் போயே போய்விட்டது. இப்போது யாராவது குளித்தால் வாசல் மிதியடி முதலில் நனையும். கதவின் அடிப்பகுதியையும் அறுக்க வேண்டி வந்தது. ஓதம் மட்டும் அப்படியே இருக்கிறது! இடித்துவிடுங்கள்.

கேட்பவர்:

அண்ணே, சோதனை செய்துவிட்டேன். தொட்டி மட்டம் அசையவில்லை. ஆனால் தரைத் தண்ணீர் ஒரே ராத்திரியில் அரை அங்குலம் இறங்கிவிட்டது. வாளியில் மயிரிழைதான். ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிப் பார்த்ததில் ஷவர் பக்கம் ஏழு டைல்ஸ் 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம். சரி, இடிக்கிறேன். இடித்த பிறகு என்ன வரிசை?

ஒத்தக்கடை, கட்டட மேற்பார்வை:

தரைதான் அப்படியென்றால். கீழ்த்தள வீடுகளில் அடியில் போட்ட மண் நிரப்பு இறுகாமல் காலப்போக்கில் இறங்கும், அத்தோடு தண்ணீர் ஓடுவதற்கான வாட்டமும் (சரிவும்) மாறிவிடும். அதனால்தான் உங்களுக்குத் தேங்குகிறது.

டைல்ஸை மட்டும் பெயர்க்காமல் பழைய கலவையையும் எடுங்கள். சுவரில் உப்பு ஏறிய பூச்சைச் செங்கல் தெரியும் வரை கொத்திவிட்டு, காய்ந்த பிரஷால் உப்பைத் தேய்த்து உதறுங்கள். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி செங்கலுக்குள்ளேயே போகும். நிரப்பை திமிசு போட்டு இறுக்கி, மேலே கான்கிரீட் போடச் சொல்லுங்கள். குழாய் வேலை முழுவதையும் இப்போதே முடித்து, பிளம்பரைக் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள், மூடிய பிறகு சொல்லிப் பயனில்லை. ட்ராப்பைச் சுற்றி ஜல்லி, செங்கல் துண்டு திணிக்க விடாதீர்கள், சுருங்காத கிரௌட் (இடுக்கை நிரப்பும் சிமெண்ட் கலவை) ஊற்ற வேண்டும்.

புதுப் பூச்சில் தூக்குக்குண்டு பிடித்து நேர் பாருங்கள். கலவைக்கு போர் தண்ணீர் வேண்டாம். நம்ம பக்கத்து உப்புத் தண்ணீரில் கலந்தால் நீங்களே உப்பை உள்ளே வைத்துப் பூசியதாகிவிடும். பூச்சுக்கு ஏழு நாள் தண்ணீர் தெளியுங்கள். தரை வாட்டம் ஷவர் பகுதியில் அடிக்குக் கால் அங்குலம், ட்ராப்பை நோக்கி. ரசமட்டத்தை வைத்து நீங்களே பாருங்கள்.

அப்புறம்தான் வாட்டர்ப்ரூஃப் பூச்சு. சுவரும் தரையும் சேரும் மூலையைக் கலவையால் வளைவாக உருட்டிவிட்டு, அதன் மேல் வலைத்துணி வைத்து அடிக்க வேண்டும், கசிவு பெரும்பாலும் அந்த மூலையில்தான் தொடங்கும். முதல் பூச்சு மேலும் கீழுமாக, காய்ந்ததும் இரண்டாவது குறுக்காக. ஷவர் சுவரில் ஏழடி வரை, மற்ற சுவர்களில் ஓரடி. காய்ந்ததும் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள். அதில் தேறினால்தான் டைல்ஸ்.

கே.புதூர், ஒரு வீட்டுக்காரி:

டைல்ஸ் கடையில், சிமெண்டில் கலக்கும் ஒரு திரவம் மட்டும் போதும் என்றார்களே?

ஒத்தக்கடை, கட்டட மேற்பார்வை:

அது சிமெண்ட் பூச்சுக்குத் துணை அக்கா, அந்தப் பூச்சில் வெடிப்பு விட்டால் அது தடுக்காது. இன்னொன்று, விட்ரிஃபைடு டைல்ஸ் (அதிக சூட்டில் சுட்டு இறுகிய வகை) தண்ணீரை அநேகமாகக் குடிக்காது, வெறும் சிமெண்ட் பாலில் பிடிக்காது. அதற்கென்று உள்ள பசைதான் வேண்டும். தம்பி, இடிபாட்டை யார் அள்ளிப் போடுவது என்று கூலி பேசும்போதே பேசிவிடுங்கள். சித்திரைத் திருவிழா வாரத்தில் தொடங்கிவிடாதீர்கள், அழகர் ஆற்றில் இறங்கித் திரும்பும் வரை கொத்தனார் கண்ணில் பட மாட்டார்.

கேட்பவர் (ஐந்து வாரம் கழித்து):

திருவிழா முடிந்துதான் தொடங்கினோம். ட்ராப்பைச் சுற்றி இடித்தபோது கொத்தனாரே சிரித்துவிட்டார். உடைந்த செங்கலும் மண்ணும்தான், சிமெண்ட் பேருக்குக்கூட இல்லை. விரலை விட்டால் உள்ளே போகிறது. முப்பது வருடமாகக் குளித்த தண்ணீரில் ஒரு பங்கு அந்த வழியாகத்தான் போயிருக்கிறது.

நேற்று 48 மணி நேர சோதனை முடிந்தது. குறி அதே இடத்தில். நாளை டைல்ஸ். படுக்கையறைச் சுவரில் இன்னும் ஈரம் இருக்கிறது. பெயிண்ட் எப்போது அடிக்கலாம்?

ஒத்தக்கடை, கட்டட மேற்பார்வை:

அந்தப் பக்கமும் பொரிந்த பூச்சைக் கொத்திவிட்டுச் செங்கலை வெறுமையாக விடுங்கள். ஃபேனைப் போட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் உள்பக்கம் வியர்த்திருக்கிறதா என்று பாருங்கள். வியர்த்திருந்தால் இன்னும் காத்திருங்கள்.

கேட்பவர்:

சரிங்க அண்ணே. பீரோவை அம்மா இன்றைக்கே பழைய இடத்துக்குத் தள்ளச் சொல்கிறார்கள்.

ஒத்தக்கடை, கட்டட மேற்பார்வை:

அம்மாவிடம் ஒரு மாதம் தவணை கேளுங்கள்.