சுழியோடி மின்சூள்: ‘நீர்புகா விளக்கு’ ஏன் போதாது?

வணக்கம் எல்லோருக்கும்,

கடலுக்கடியில் நீந்தும் சுழியோடிகள் கையில் பிடித்தபடி இறங்கும் விளக்குக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற நம் பேச்சில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: நீர்புகா விளக்கு, ஒளிபாய்ச்சி, நீரடி விளக்கு. எங்கள் பக்கத்தில் சுழியோடப் பழகும் பெடியளுக்குத் தமிழில் ஒரு கைநூல் வேண்டும் என்றுதான் இந்தப் பேச்சே தொடங்கியது. அதனால் சொல்லின் அழகைவிட, அந்தச் சொல்லை நம்பிக் கடைக்குப் போகிறவர் எதை வாங்கி வருவார் என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன்.

அண்ணா, ‘நீர்புகா விளக்கு’ என்ற உங்கள் சொல்லை நான் ஏற்காததற்குக் காரணமும் அதுதான். யாழ்ப்பாணத்தில் எந்தக் கடையில் கேட்டாலும் நீர்புகா ரோச் லைற் கிடைக்கும். மழையில் நனையலாம், வாளித் தண்ணீரில் விழலாம், அவ்வளவுதான். பெட்டியில் ஐபிஎக்ஸ் 7 என்ற நீர்தாங்கு தரக்குறி போட்டிருந்தால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். ஐபிஎக்ஸ் 8 அதைவிடக் கூடியது, ஆனால் எத்தனை மீற்றர், எவ்வளவு நேரம் என்பதைச் செய்பவரே குறிக்க வேண்டும். அந்தக் குறிப்பில்லாத 8 ஆம் இலக்கத்தை நம்பி இறங்க முடியாது. கடலில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீற்றரைத் தாண்டாது, ஆனாலும் அங்கேயே அமுக்கம் மேலே இருப்பதைப்போல இரண்டரை மடங்கு. 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ஹெர்மிஸ் கப்பல் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. அங்கே ஆறு மடங்கைத் தாண்டிவிடும். மழைக்குச் செய்த விளக்கும் இந்த ஆழத்துக்குச் செய்த விளக்கும் ஒரே பெயரில் இருக்கக் கூடாது.

‘ஒளிபாய்ச்சி’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வடக்கில் ஒளி பாய்ச்சி மீன்பிடிப்பது என்றாலே அது ஒரு பிரச்சினை. மீனவர் சங்கங்கள் எவ்வளவு காலமாக அதை எதிர்த்து முறையிட்டு வருகின்றன என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்து மீனவர் ஊர்களான குருநகரிலோ பாசையூரிலோ “நான் ஒளிபாய்ச்சி கொண்டு இறங்குகிறேன்” என்று ஒருவர் சொன்னால் வேறுவிதமாகத்தான் விளங்கும். அந்தச் சுமையை இந்தக் கருவியின் தலையில் ஏற்ற வேண்டாம்.

மிஞ்சியது ‘நீரடி விளக்கு’. பிழை இல்லை. ஆனால் மீன்தொட்டிக்குள் வைப்பதும் நீச்சல் தடாகத்தின் சுவரில் பதிப்பதும் நீரடி விளக்குகள்தான்.

என் பரிந்துரை: சுழியோடி மின்சூள். பேச்சில் சுழிச்சூள் என்று குறுகினாலும் சரி.

‘மின்சூள்’ புதிதாக ஆக்க வேண்டிய சொல்லே இல்லை. எங்கள் விஞ்ஞானப் பாடப்புத்தகங்களில் மின்சூள், மின்குமிழ், உலர்மின்கலம் என்று படித்துத்தான் வந்தோம். அதற்கு முன்னாலேயே சூள் இருக்கிறது: காய்ந்த தென்னோலையைக் கட்டிக் கொளுத்தி, களப்பில் முழங்கால் தண்ணீரில் நடந்து மீன் பார்த்த வெளிச்சம். விளக்கு ஓரிடத்தில் இருக்கும், சூள் கையில் போகும். ஆகவே ‘கையில் பிடிக்கும்’ என்று தனியே ஓர் அடை தேவையில்லை. சூள் என்றால் சபதம் அல்லவா என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். சூளுரை என்னும் இடத்தில் அந்தப் பொருள், கடலில் இந்தப் பொருள். இடம் பார்த்து விளங்கிக்கொள்ளும் சொற்கள் தமிழில் நிறைய உண்டு.

அடுத்தது துணைச்சொற்கள். ஒடுங்கிய கற்றைக்குக் குவிகதிர், பரந்ததற்கு விரிகதிர். இந்த இரண்டும் நூலில் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் எங்கள் கலங்கல் தண்ணீரில் இந்த இரண்டில் எதைத் தெரிவு செய்வது என்பதுதான் முக்கியம். தண்ணீரில் மிதக்கும் துகள்கள் வெளிச்சத்தைத் திருப்பிக் கண்ணுக்கே அடிக்கும். இதற்குப் பின்சிதறல் என்று வைக்கலாம். விரிகதிரோடு இறங்கினால் முன்னால் வெள்ளைத் திரைதான் தெரியும், லுமெனை, அதாவது வெளிச்சத்தின் அளவை, கூட்டக் கூட்டத் திரையும் தடிக்கும். எனவே களப்பிலும் கரையோரத்திலும் குவிகதிர்தான் சரி. விரிகதிர் தெளிந்த நீரில் படம் பிடிப்பவர்களுக்கு. லுமென் அளவுப்பெயர், அப்படியே இருக்கட்டும்.

பகலிலும் இது எதற்கு என்று ஒருவர் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் முதலில் உறிஞ்சுவது சிவப்பைத்தான். ஆழத்தில் விரல் வெட்டுப்பட்டால் வரும் இரத்தம் கரும்பச்சையாகத் தெரியும். சூளை அருகே பிடித்தால் உடனே சிவக்கும். பாறையிடுக்கில் இருக்கும் உயிர்களின் உண்மையான நிறமும் அப்படித்தான் வெளியே வரும்.

இரவில் இறங்குபவரிடம் முதற்சூள் ஒன்றும் துணைச்சூள் ஒன்றும் இருக்க வேண்டும். முதற்சூள் அணைந்தால் துணைச்சூளைப் போட்டுக்கொண்டு மேலே வருவது, அதை வைத்துச் சுழியோட்டத்தைத் தொடர்வதல்ல. இதை நூலில் தடித்த எழுத்தில் போடச் சொல்வேன். கற்றையை மெதுவாக வட்டமாகச் சுற்றினால் ‘எல்லாம் சரி’, வேகமாகப் பக்கவாட்டில் ஆட்டினால் ‘அவசரம், உடனே என்னைப் பார்’. கையால் சைகை காட்டும்போது வெளிச்சம் உங்கள் கையில் விழட்டும், கூட வருபவரின் கண்ணில் அல்ல.

தண்ணீர் உள்ளே வராமல் தடுக்க மூடியின் உள்ளே இருக்கும் வளையத்துக்கு ‘நீரடைப்பு வளையம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வள்ள எஞ்சின் பழுதுபார்ப்பவர் தொடக்கம் எல்லோரும் றப்பர் வளையம் என்றே சொல்கிறார்கள், அதையே வைப்போம். சொல்லைவிட அதன் பராமரிப்புக்கு இடம் கொடுங்கள். ஒரு தலைமயிர், ஒரு மணல்மணி அந்த வளையத்தின் குறுக்கே கிடந்தால் போதும், கடல் உள்ளே வந்துவிடும். மூடுமுன் வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்து, சிலிக்கன் கிறீஸை மினுக்கம் தெரியுமளவுக்கு மட்டும் பூச வேண்டும். கரையேறியதும் மூடியபடியே நல்ல தண்ணீரில் ஊறவிட்டுக் கழுவி, துடைத்துக் காய்ந்த பிறகுதான் திறக்கலாம். உப்புநீர் புகுந்த இலித்தியம் மின்கலம் வாயுவை உண்டாக்கும். மூடி தெறித்துப் பறக்கலாம் என்பதால், அப்படிப்பட்ட சூளை முகத்துக்கு நேரே வைத்துத் திறக்கவே கூடாது. இன்னொன்று: பல சுழிச்சூள்களைக் குளிர வைப்பது சுற்றியுள்ள தண்ணீர்தான். கரையில் நெடுநேரம் எரியவிட்டால் சூடேறிக் கெட்டுப்போகும்.

கைநூலின் சொற்பட்டியலுக்கான விளக்கத்தை இப்படி எழுதியிருக்கிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

சுழியோடி மின்சூள்: நீருக்கடியில் கையில் ஏந்திப் பயன்படுத்தும் மின்விளக்கு, தாங்கும் ஆழம் மீற்றரில் குறிக்கப்பட்டிருக்கும்.

மின்கலப் பெட்டியை இடுப்பில் கட்டி, வயரால் விளக்குத் தலையை இணைக்கும் வகைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ‘இடுப்புக்கலச் சூள்’ என்று தோன்றுகிறது, ஆனால் வாயில் இலகுவாக வரவில்லை. கடலில் இறங்குபவர்கள் யாராவது இதைவிட நல்ல சொல் வைத்திருந்தால் எழுதுங்கள்.